பதினைந்து பேட்டிகள் கையில் இருக்கின்றன, தீம் எங்கிருந்து வரும்?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்தும், சர்க்கரை நோய் உள்ள பெண்கள் ஏன் இடையில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள் என்பது என் ஆய்வு. 15 பெண்களிடம் தமிழில் பேட்டி எடுத்து, முழுவதையும் எழுதி முடித்துவிட்டேன். நான் கேட்ட ஐந்து கேள்விகளையே ஐந்து தீம்களாக வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் பேர் என்ன சொன்னார்கள் என்று அட்டவணை போட்டேன். துறைக் கூட்டத்தில் "இதில் அனாலிசிஸ் எங்கே?" என்று கேட்டுவிட்டார்கள். தீமாட்டிக் அனாலிசிஸ் உண்மையில் எப்படிச் செய்வது? 15 பேர் போதுமா? இன்னொருவரையும் கோடிங் (பேச்சின் பகுதிகளுக்குக் குறிப்பு எழுதுவது) செய்யச் சொல்லி, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்று காட்டும் கப்பா எண்ணைக் கணக்கிட வேண்டுமா? முதலில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டுமா?

பதில்: உங்கள் துறையில் கேட்டது சரியான கேள்வி. ஆனால் நீங்கள் கலங்க வேண்டியதில்லை. பேட்டி எடுத்து, கேட்டுக் கேட்டு எழுதி முடித்திருக்கிறீர்கள். உடம்பை முறிக்கிற வேலை அதுதான். இனி வரவேண்டியது யோசிக்கிற வேலை.

"தடைகள்", "குடும்ப ஆதரவு", "மருந்து பற்றிய அறிவு" போன்ற தலைப்புகள், பேச்சு எதைப் பற்றியது என்று மட்டும் சொல்கின்றன. அந்தப் பேச்சிலிருந்து நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள் என்று சொல்வதில்லை. தீம் என்பது அந்தப் புரிதல்தான். அதை ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். படிக்கிறவர் உடனே "அப்படியா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். "குடும்ப ஆதரவு" என்ற தலைப்பைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்கப்போவதில்லை. இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள்: உங்கள் ஐந்து கேள்விகளும் பேட்டிக்குப் போவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். அவையே தீம்கள் என்றால், அந்தப் பெண்கள் பேசியதால் உங்கள் ஆய்வில் என்ன மாறியது?

நம் கல்லூரிகளில் இந்த முறையைச் சொல்லும்போது பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது வர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் இருவரும் 2006இல் எழுதிய கட்டுரையை. ஒருவர் நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகம், மற்றவர் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இருக்கும் வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்து பல்கலைக்கழகம்; இருவரும் உளவியல் துறை. உளவியல் ஆய்வுக்காக எழுதியது மருத்துவம், நர்சிங், கல்வி, சமூகப்பணி என்று எல்லாத் துறைக்கும் பரவிவிட்டது. அதில் வரும் ஆறு கட்டங்களை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள்: தரவோடு பழகுவது, கோட் போடுவது, தீம்களைத் தேடுவது, சரிபார்ப்பது, வரையறுத்துப் பெயர் வைப்பது, எழுதுவது. சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில்) இந்த ஆறையும் வரிசையாக எழுதிவிட்டால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டாம் கட்டத்துக்கும் நான்காம் கட்டத்துக்கும் நடுவில் பலமுறை போய்வர வேண்டியிருக்கும் என்பதை அந்தப் பட்டியல் பார்த்தவுடன் காட்டாது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களே பிறகு மூன்றாம் கட்டத்தின் பெயரை மாற்றினார்கள். "தேடுவது" என்றால் தீம்கள் ஏற்கெனவே பேட்டிக்குள் ஒளிந்திருப்பது போலவும், நாம் கண்டெடுப்பது போலவும் ஆகிவிடுகிறது என்பதால், "ஆரம்பகட்டத் தீம்களை உருவாக்குவது" என்று வைத்தார்கள். 2019இல் தங்கள் முறைக்கே 'ரிஃப்ளெக்சிவ் தீமாட்டிக் அனாலிசிஸ்' (ஆய்வாளர் தன் பார்வையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறை) என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். நீங்கள் 2006 கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டினால், அவர்கள் பிற்பாடு திருத்திச் சொன்னதை நீங்கள் படிக்கவில்லை என்று ஆகிவிடும். 2019 கட்டுரையையும் படித்துவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கோட் போடுவது எப்படி என்று சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது சுலபம். கீழே இருப்பது உண்மையான பேட்டி இல்லை, உதாரணத்துக்காக நான் எழுதியது. ஆனால் உங்கள் 15 பேட்டிகளில் இதுபோல ஏதாவது ஒரு பகுதி இருக்கும் என்று நினைக்கிறேன்.

"மாத்திரை வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துடுறாங்க. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. சாப்பிட்டதும் போடணும்னாங்க. நான் எப்ப சாப்பிடுறேன்? புள்ளைங்கள அனுப்பி, அவருக்குச் சோறு கட்டி, ஏழு மணிக்கெல்லாம் வயலுக்குப் போயிடணும். பத்து மணிக்கு ஒரு டீ. சோத்துக்கு உக்கார பதினொண்ணு ஆயிடும். மாத்திரை வீட்டுல கெடக்கு, நான் வயல்ல இருக்கேன். எடுத்துட்டுப் போலாம்தான். அங்க நாலு பேரு முன்னாடி பிரிச்சுப் போட்டா, என்னா உடம்புக்குன்னு கேப்பாங்க. சக்கரைன்னு தெரிஞ்சா அப்புறம் ஆளு கூப்பிடுறப்ப நம்மள விட்டுடுவாங்க."

அவசரத்தில் கோட் போடுகிறவர் இங்கே "மருந்து கிடைத்தல்", "நேரமின்மை", "ஸ்டிக்மா" என்று மூன்று சொல் எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். இந்த மூன்றும் தவறு இல்லை, ஆனால் இவற்றால் பயனும் இல்லை. ஒரு மாதம் கழித்து அந்தக் கோட்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், இந்த அம்மா என்ன சொன்னார் என்பது அதில் இருக்காது. பேட்டித்தாளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கோட் பட்டியலை மட்டும் படித்தாலும் விஷயம் விளங்க வேண்டும். அப்படியானால் இப்படி எழுதலாம்: "மாத்திரை கிடைப்பதில் குறை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்". "மாத்திரை நேரம் சாப்பாட்டு நேரத்தோடு கட்டியிருக்கிறது, சாப்பாட்டு நேரம் இவர் கையில் இல்லை". "வீட்டில் எல்லோருக்கும் முடித்த பிறகுதான் தன் முறை". "எடுத்துப் போவது முடியாத காரியம் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்". "மற்றவர் பார்த்தால் நோய் வெளியே தெரியும்". "நோய் தெரிந்தால் வேலைக்கு அழைக்க மாட்டார்கள்".

இதில் முதல் சில கோட்கள் அவர் வாயால் சொன்னதையே ஒட்டியிருக்கின்றன. கடைசி மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, அவர் நேராகச் சொல்லாத ஒன்று தெரிகிறது: சாப்பாட்டு நேரம், தூரம் எல்லாம் சொன்ன பிறகு, "எடுத்துட்டுப் போலாம்தான்" என்று அவரே அந்தக் காரணங்களை ஒதுக்கிவிட்டு, உண்மையான காரணத்துக்கு வருகிறார். அது கூலி. "ஸ்டிக்மா" என்று கோட் போட்டிருந்தால் இது நழுவியிருக்கும். ஸ்டிக்மா என்றவுடன் நம் மனதில் வருவது வெட்கம், அவமானம். இந்த அம்மாவிடம் வெட்கம் இருப்பதற்கு இந்தப் பேச்சில் ஆதாரமே இல்லை. அவர் வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறார். புத்தகத்தில் படித்த சொல்லை முதல் வாசிப்பிலேயே ஒட்டிவிட்டால், பேசியவரின் கணக்கு நமக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் முதல் சுற்றில் புத்தகச் சொற்களைத் தள்ளியே வையுங்கள். இரண்டாம் சுற்றில், பொருந்துமானால், கொண்டுவரலாம்.

ஒரு பக்கப் பேட்டிக்கு இப்படிப் பத்துப் பன்னிரண்டு கோட் வந்தாலும் பரவாயில்லை. 15 பேட்டிக்கும் சேர்த்து நூற்றுக்கு மேல் போனால் பதற வேண்டாம். ஒரே வரிக்கு இரண்டு கோட் போடலாம். ஆய்வுக் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத பகுதிக்குக் கோட் போடாமல் விடலாம். பேரன் கல்யாணக் கதை பக்கம் பக்கமாக வந்தால் அதைக் கட்டாயம் கோட் பண்ண வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. (ஆனால் ஒருமுறை யோசித்துவிட்டு விடுங்கள். மாத்திரையைப் பற்றிக் கேட்டதும் ஒருவர் ஏன் கல்யாணக் கதைக்குப் போனார் என்பதே சில சமயம் பதிலாக இருக்கும்.) முதல் பேட்டியிலிருந்து கடைசி வரை ஒரு சுற்று, பிறகு கடைசியிலிருந்து முதல் வரை இன்னொரு சுற்று போங்கள். பன்னிரண்டாம் பேட்டியில் கண்ணில் பட்ட விஷயம் இரண்டாம் பேட்டியிலும் இருந்திருக்கும், அப்போது உங்களுக்கு அதைப் பார்க்கத் தெரிந்திருக்காது.

கோட்களிலிருந்து தீமுக்குப் போகும் இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். கோட்களைத் தாளில் அச்சடித்து வெட்டித் தரையில் பரப்பிக்கொள்வது இன்றும் நல்ல வழிதான். பரப்பியதும் கை தானாக ஒரே சொல் வரும் கோட்களை ஒன்றாகச் சேர்க்கும்: 'குடும்பம்' வரும் எல்லாம் ஒரு பக்கம், 'மருத்துவமனை' வரும் எல்லாம் ஒரு பக்கம். இது சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டுவது போல. எது எங்கே இருக்கிறது என்று தெரியும், சமையல் இன்னும் ஆகியிருக்காது. அந்த ஆசையை அடக்கிக்கொண்டு, வேறு ஒரு கேள்வியோடு பாருங்கள்: எந்தெந்தக் கோட்களுக்கு அடியில் ஒரே எண்ணம் ஓடுகிறது? வயலில் மாத்திரையை மறைக்கும் பெண், மகளுக்கு வரன் பார்க்கும்போது மாத்திரை அட்டையைப் பீரோவுக்குள் தள்ளிவைக்கும் பெண், தையல் கூடத்தில் கழிவறைக்குப் போய் மாத்திரை விழுங்கும் பெண். ஒருவர் பேச்சு வேலையைப் பற்றி, மற்றொருவர் பேச்சு குடும்பத்தைப் பற்றி. தலைப்பு வாரியாகப் பிரித்தால் இவர்கள் வேறு வேறு டப்பாவுக்குப் போய்விடுவார்கள். ஆனால் மூவரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள்: மாத்திரை போடுவது நோயை ஊருக்கு அறிவிப்பது மாதிரி, அறிவித்தால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

இதுதான் தீமின் கரு. பிரவுனும் கிளார்க்கும் இதை மையமாக நின்று எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் கருத்து என்கிறார்கள். இதற்கு உங்கள் தீசிஸில் "நோய் தெரிந்தால் விலை கொடுக்க வேண்டும்: மாத்திரையை மறைப்பது வாழ்க்கையைக் காக்கும் வழி" என்று பெயர் வைக்கலாம். இந்தப் பெயரைப் படித்ததும் நீங்கள் என்ன சொல்லவருகிறீர்கள் என்று புரிகிறது, ஒப்புக்கொள்ளாமல் வாதாடவும் இடம் இருக்கிறது. அதோடு உங்கள் ஆய்வுக் கேள்விக்கும் நேராகப் பதில் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் இது. மருந்துக்காக மருத்துவமனைக்கு அலையும் சிரமத்தைக் குறைப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. வாசல் வரை வந்த மாத்திரை வாய்க்குப் போகாததற்கு வாசலுக்கு அப்பால் ஒரு காரணம் இருக்கிறது என்று உங்கள் தீம் சொல்கிறது. சுகாதாரத் துறையில் இருக்கும் ஒருவர் இதைப் படித்தால் அவருக்கு அதில் யோசிக்க ஏதோ இருக்கிறது. "தடைகள்: 60 சதவீதம்" என்பதில் அவருக்கு ஒன்றும் இல்லை.

அடுத்து வரும் கட்டத்தை மாணவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது அதுதான்: உங்கள் தீமை நீங்களே உடைக்கப் பார்ப்பது. தீம் கிடைத்த சந்தோஷத்தில் அதற்கு ஒத்துவரும் வரிகளை மட்டும் பொறுக்குவது எல்லோருக்கும் வரும் ஆசை. அதனால் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் தேடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு பெண் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "எங்க கூட்டத்துல அஞ்சு பேருக்குச் சக்கரை. ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு, ஒண்ணாவே மாத்திரை போடுவோம். மறந்தா ஒருத்தி ஞாபகப்படுத்துவா." இவரும் வயல் வேலைக்குப் போகிறவர்தான், ஆனால் எதையும் மறைக்கவில்லை. இவரை விதிவிலக்கு என்று ஒரு வரியில் தள்ளிவிடாதீர்கள். இவர் கூட்டத்தை வேலைக்கு அழைப்பது யார் என்று பேட்டிக்குள் போய்ப் பாருங்கள். அவர்களே சேர்ந்து ஒப்பந்தம் பேசிப் போகிறவர்களாக இருந்தால், நோயைப் பார்த்து ஒதுக்க அங்கே ஆள் இல்லை. முந்தைய பெண்ணை அழைப்பது ஒரு மேஸ்திரியாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் தீம் உடையவில்லை, கூர்மையாகிறது: நோய் தெரிவது எல்லா இடத்திலும் ஆபத்து இல்லை, யார் கையில் வேலை கொடுக்கும் அதிகாரம் இருக்கிறதோ அவர் முன்னால்தான் ஆபத்து. இந்த ஒரு பெண்ணால் உங்கள் ஆய்வின் தரமே ஒரு படி ஏறிவிடும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வி வந்தால் நிற்கப்போவதும் இந்தப் பகுதிதான்.

இந்த உரசலில் சில தீம்கள் கரைந்துபோகும். ஏழு தீமோடு ஆரம்பித்து மூன்றில் முடிப்பது நல்ல அறிகுறி. முதுகலை தீசிஸுக்கு நன்றாக வளர்த்த மூன்று நான்கு தீம் போதும். ஒன்பது தீம், ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கம் என்று பார்த்தால் அங்கே கோட்களுக்கே தீம் என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

சதவீத அட்டவணையை எடுத்துவிடுங்கள். காரணம் எளிது. நீங்கள் 15 பேரைக் குலுக்கல் முறையில் எடுக்கவில்லை. அனுபவம் உள்ளவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள். பேட்டியும் கேள்வித்தாள் போல ஒரே மாதிரி நடக்கவில்லை; ஒருவரிடம் வேலை பற்றிப் பேச்சு நீண்டது, இன்னொருவரிடம் அந்தப் பேச்சே வரவில்லை. பேச்சு வராதவரை "இந்தப் பிரச்சினை இல்லாதவர்" என்று கணக்கில் எடுக்க முடியுமா? 15 பேரில் 9 பேர் என்பதை 60 சதவீதம் என்று எழுதும்போது, தமிழ்நாட்டுப் பெண்களில் 60 சதவீதம் என்று படிக்கிறவர் எடுத்துக்கொள்ள நீங்களே வழி விடுகிறீர்கள். "பலர்", "ஒருவரைத் தவிர எல்லோரும்" என்று எழுதுவதில் தப்பில்லை. ஒரு தீமின் கனம் எத்தனை பேர் சொன்னார்கள் என்பதில் இல்லை, கேள்விக்கு அது எவ்வளவு தூரம் பதில் சொல்கிறது என்பதில்தான் இருக்கிறது.

15 பேர் போதுமா என்பதற்கு வருகிறேன். "12 பேட்டியில் சாச்சுரேஷன் (இனிப் புதிதாக எதுவும் வராத நிலை) வந்துவிடும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த எண் வந்த இடம் இது: கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006இல், கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 பேட்டிகளை வைத்து, எத்தனையாவது பேட்டிக்கு மேல் புதிய கோட் வருவது குறைகிறது என்று பார்த்தார்கள். முதல் 12 பேட்டிகளிலேயே பெரும்பாலானவை வந்துவிட்டன. ஆனால் அவர்கள் பேசியது ஓரளவு ஒரே மாதிரியான பின்னணி உள்ளவர்களிடம், எல்லோரிடமும் ஒரே வரிசைக் கேள்விகள். அந்த நிபந்தனைகளை விட்டுவிட்டு 12 என்ற எண்ணை மட்டும் எல்லா ஆய்வுக்கும் சூத்திரமாக்குவது அந்த ஆய்வுக்கே நியாயம் செய்வதாகாது. சாச்சுரேஷன் என்ற எண்ணமே 1967இல் கிளேசரும் ஸ்ட்ராஸும் தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும் கிரவுண்டட் தியரி முறைக்காகச் சொன்னது. ரிஃப்ளெக்சிவ் முறையில் பொருள் ஆய்வாளரின் வாசிப்பில் உருவாகிறது. "இனிப் புதிதாக ஒன்றும் இல்லை" என்று தரவு தானாகச் சொல்லும் இடம் அங்கே கிடையாது. பிரவுனும் கிளார்க்கும் 2021இல் இதைப் பற்றியே தனியாகக் கட்டுரை எழுதினார்கள். இதற்கு மாற்றாக மால்டெருட் என்பவரும் அவருடைய சகாக்களும் 2016இல் 'தகவல் வலு' என்ற வழியைச் சொன்னார்கள்: ஆய்வு நோக்கம் எவ்வளவு குறுகலானது, பேசியவர்களுக்கு அந்த அனுபவம் எவ்வளவு நேரடியானது, கோட்பாட்டுத் துணை இருக்கிறதா, பேச்சு ஆழமாகப் போனதா, என்ன வகை அனாலிசிஸ் என்ற ஐந்தையும் வைத்து எத்தனை பேர் வேண்டும் என்று நியாயம் சொல்லலாம். உங்கள் நோக்கம் குறுகல், ஆட்களும் பொருத்தம். பேட்டிகள் ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரமாவது ஓடியிருந்தால் 15 பேரைத் தாராளமாக நியாயப்படுத்தலாம். பத்து நிமிடப் பேட்டியாக இருந்தால் 40 பேர் இருந்தாலும் போதாது.

கப்பா விஷயம் கொஞ்சம் குழப்பமானது, காரணம் 'தீமாட்டிக் அனாலிசிஸ்' என்ற ஒரே பெயரில் மூன்று வகை வேலை நடக்கிறது. ஒரு வகையில், முன்கூட்டியே கோட் புத்தகம் தயாரித்து, இரண்டு மூன்று பேர் தனித்தனியாகக் கோட் செய்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கிறார்கள். பாயட்ஸிஸ் 1998இல் எழுதியது இந்தப் பக்கம். கோஹனின் கப்பா இங்கேதான் பொருந்தும். இரண்டாவது, கோட் புத்தகமும் கட்டங்கட்டமான அட்டவணையும் உண்டு, ஆனால் ஒத்துப்போகிறதா என்று அளப்பது கட்டாயம் இல்லை. லண்டனில் சமூகக்கொள்கை ஆய்வுக்காக ரிச்சியும் ஸ்பென்சரும் உருவாக்கிய ஃப்ரேம்வொர்க் முறை இந்த வகை. பல பேர் சேர்ந்து குறுகிய காலத்தில் அறிக்கை கொடுக்க வேண்டிய சுகாதார ஆய்வுகளுக்கு மிகவும் கைகொடுக்கும். மூன்றாவது ரிஃப்ளெக்சிவ். இங்கே ஆய்வாளரின் வாசிப்புதான் கருவி, இரண்டு பேர் ஒரே மாதிரி கோட் போட்டால் அது சரியான கோட் என்று ஆகாது. மேலே உள்ள பேட்டிக்கு இரண்டு பேரும் அவசரமாக "ஸ்டிக்மா" என்று போட்டிருந்தால் கப்பா மிக அருமையாக வந்திருக்கும், அந்த அம்மா சொன்ன கூலிக் கணக்கை இருவருமே தவறவிட்டிருப்பார்கள்.

மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மெத்தடாலஜி அத்தியாயத்தில் பிரவுன்-கிளார்க் என்று எழுதிவிட்டு, இரண்டு பக்கம் தள்ளி கப்பா 0.8 என்று எழுதினால், விஷயம் தெரிந்த எக்ஸாமினர் அங்கேயே பிடித்துக்கொள்வார். உங்கள் கேள்விக்கும் உங்கள் பேட்டிகளுக்கும் ரிஃப்ளெக்சிவ் வகைதான் பொருந்தும் என்பது என் கருத்து. இரண்டாம் ஆளை வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண் போட அல்ல, பேச. நான்கு பேட்டிகளை உங்கள் கைடிடமோ தோழியிடமோ கொடுத்து, நீங்கள் பார்க்காத எதை அவர் பார்த்தார் என்று உட்கார்ந்து பேசுங்கள். பத்திரிகைக்கு அனுப்பும்போது 2007இல் வந்த கோரெக் பட்டியலை (பேட்டி ஆய்வில் எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்ற பட்டியல்) நிரப்பச் சொல்வார்கள். அதன் 32 வரிகளில் எத்தனை பேர் கோட் செய்தார்கள், சாச்சுரேஷன் பேசப்பட்டதா என்ற வரிகளும் இருக்கின்றன. பயந்துபோய் இல்லாததை எழுத வேண்டாம். "இந்த ஆய்வு ரிஃப்ளெக்சிவ் முறையில் ஒருவரால் கோட் செய்யப்பட்டது, மற்றவரோடு விவாதித்தது வாசிப்பை ஆழப்படுத்துவதற்காக" என்று காரணத்தோடு எழுதினால் போதும்.

மொழிபெயர்ப்பு: கோடிங்கைத் தமிழிலேயே செய்யுங்கள். தீசிஸில் போடப்போகும் மேற்கோள்களை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்; தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பில் வையுங்கள். முழுவதையும் முதலில் ஆங்கிலமாக்கினால், கோட் போட ஆரம்பிக்கும் முன்பே யாரோ ஒருமுறை பொருள் சொல்லி முடித்திருப்பார், நீங்கள் அந்தப் பொருளுக்குத்தான் கோட் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

சாஃப்ட்வேர் கட்டாயம் இல்லை. என்விவோ கல்லூரியில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் டகெட், குவால்கோடர் இரண்டும் இலவசம். 15 பேட்டிக்கு வேர்டு கோப்பில் கமெண்ட் போட்டுக்கூட முடித்துவிடலாம். எதுவாக இருந்தாலும் அது எடுத்துவைக்க, தேட உதவும், யோசிப்பது நீங்கள்தான். ஏ.ஐ. கருவிகளில் பேட்டியை ஏற்றி "தீம் கொடு" என்று கேட்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. உங்களிடம் நோயைப் பற்றி நம்பிப் பேசிய பெண்களின் ஒப்புதல் படிவத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகள் பங்கேற்பாளரின் அந்தரங்கத்தைக் காக்கும் பொறுப்பை ஆய்வாளர் மேல்தான் வைக்கின்றன. எத்திக்ஸ் கமிட்டியிடம் சொல்லாமல் அதைச் செய்யாதீர்கள். அப்புறம், அப்படிக் கேட்டால் பெரும்பாலும் வருவது எது தெரியுமா? "தடைகள், ஆதரவுகள், விழிப்புணர்வு". நீங்கள் விட்டு வெளியே வரப் பார்க்கும் அதே தலைப்புகள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் ஒரு நர்ஸ். அந்தப் பெண்கள் உங்களை 'மேடம்' என்றோ 'சிஸ்டர்' என்றோ கூப்பிட்டிருப்பார்கள். மாத்திரை கொடுக்கும் துறையிலிருந்து வந்த ஒருவர் "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டால், முதல் பதில் "கரெக்டா போட்டுடுறேன் மேடம்" என்றுதான் வரும். பேட்டியில் எந்த இடத்தில் அந்தப் பதில் மாறுகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து போன பிறகா, நீங்கள் அவர் கொடுத்த டீயைக் குடித்த பிறகா, உங்கள் அம்மாவுக்கும் சர்க்கரை என்று நீங்கள் சொன்ன பிறகா? இதெல்லாம் தரவைக் கெடுக்கிற அழுக்கு இல்லை, தரவின் பகுதி. நோயை யார் முன்னால் சொல்லலாம், யார் முன்னால் கூடாது என்பதே உங்கள் தீம் என்னும்போது, உங்கள் முன்னால் எப்படிச் சொன்னார்கள் என்பது இன்னும் முக்கியமாகிறது. ரெக்கார்டரை அணைத்த பிறகு சொன்னதைப் பயன்படுத்த வேண்டுமானால், மறுபடி கேட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவாருங்கள். ரிஃப்ளெக்சிவிட்டி என்ற தலைப்பில் "நான் ஒரு நர்ஸ், என் முன்முடிவுகளை ஒதுக்கிவைத்தேன்" என்று ஒரே வரியில் முடிக்கும் தீசிஸ்கள் ஏராளம். ஒதுக்கிவைக்க முடியாது, அவை எங்கே உதவின, எங்கே கண்ணை மறைத்தன என்று சொல்லத்தான் முடியும்.

எழுதும்போது, மேற்கோளைப் போட்டுவிட்டு அதையே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்லாதீர்கள். "மாத்திரை எடுத்துச் சென்றால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று பங்கேற்பாளர் 4 கூறினார்" என்பது அனாலிசிஸ் ஆகாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "நேரம், தூரம் என்று காரணங்களை அடுக்கிய பிறகு, மாத்திரையை எடுத்துப் போக முடியும் என்று இவரே ஒப்புக்கொள்கிறார். தடுப்பது சக தொழிலாளர்களின் பார்வை, அந்தப் பார்வை மேஸ்திரியின் காதுக்குப் போகும் வழி. இங்கே மாத்திரையைத் தவிர்ப்பது அலட்சியம் இல்லை. இன்றைய கூலியையும் நாளைய உடம்பையும் எடைபோட்டு எடுத்த முடிவு." இந்த நான்கு வரியில் நீங்கள் இருக்கிறீர்கள், அந்தப் பெண்ணும் இருக்கிறார். தோராயமாகப் பாதி மேற்கோள், பாதி உங்கள் விளக்கம் என்று வந்தால் அளவு சரி. "தீம்கள் வெளிப்பட்டன" என்ற வாக்கியத்தையும் எடுத்துவிட்டு, "உருவாக்கினேன்" என்று எழுதுங்கள்.

இப்போதைக்கு 15ஐயும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். மிக அதிகமாகப் பேசியவர், மிகக் குறைவாகப் பேசியவர், மாத்திரையை ஒருநாளும் விடாதவர் என்று மூன்று பேட்டிகளை எடுத்து, ஆடியோவைக் கேட்டபடியே வாசித்து, மேலே காட்டிய மாதிரி கோட் போடுங்கள். அந்த மூன்றையும் பழைய சதவீத அட்டவணைக்குப் பதிலாக அடுத்த துறைக் கூட்டத்துக்கு எடுத்துப்போய், கோட்களைப் படித்துக் காட்டி, ஒரு தீமைப் பற்றி மட்டும் பேசுங்கள். மற்ற பன்னிரண்டையும் அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம்.